பாட்டியையும் பேத்தியையும் ஒரே படத்தில்: போனா, கேமராவா, ஸ்டுடியோவா?

குழந்தை பிறந்த வீட்டில் சில மாதங்களுக்குள் இந்தப் பேச்சு வந்துவிடும்: "நல்ல கேமரா ஒண்ணு வாங்கிடலாமா?" ஒருவர் மிரர்லெஸ் என்கிற புதுவகைக் கேமராவின் விலை விசாரிப்பார். இன்னொருவர், "போன்லயே நல்லாத்தானே விழுது, அந்தக் காசைப் பாப்பா பேர்ல போட்டு வைக்கலாம்" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் பேச்சு அப்படியே நின்றுபோகும். அதற்குள் குழந்தை நடக்கத் தொடங்கியிருக்கும், ஊரிலிருக்கும் தாத்தாவுக்கு ஒரு வயது கூடியிருக்கும்.

படம் எடுக்கும் ஆசை, சின்னக் குழந்தை, வயதான அப்பா அம்மா என மூன்றும் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். கல்யாண ஆர்டர் எடுத்துச் சம்பாதிக்க நினைப்பவர்களின் கணக்கு வேறு, அதற்குள் நான் போகவில்லை.

## எதை வைத்து அளப்பது

கடையில் மெகாபிக்சலும் ஜூமும் சொல்வார்கள். வீட்டுப் படத்துக்கு நான் பார்ப்பவை வேறு.

முதலில், கைக்கு எட்டுமா என்று பார்ப்பேன். பேத்தியைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார் பாட்டி. "இருங்கம்மா, கேமரா எடுத்துட்டு வரேன்" என்று போய்த் திரும்புவதற்குள் அந்த முகம் மாறிவிடும். தலையைத் தடவி, "கேமரா வருதாம், சிரி" என்று குழந்தையிடம் சொல்லும் முகம்தான் மிஞ்சும்.

அடுத்தது வீட்டு வெளிச்சம். நம் வீட்டுப் படங்களில் பாதிக்கு மேல் பத்துக்குப் பத்து அறையில், டியூப் லைட்டில், எல்லோரும் வேலை முடிந்து வந்த பிறகு எடுப்பவை. பூங்காவில் பகலில் எடுத்த சாம்பிள் படத்தைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள்.

எடுப்பவர் படத்தில் வருவாரா என்பது பலரும் யோசிக்காத கேள்வி. வீட்டில் எப்போதும் ஒருவரே எடுத்தால் பத்து வருட ஆல்பத்தில் அவர் மட்டும் இருக்கமாட்டார். கருவியை அத்தை கையில் கொடுத்தால் அவரால் எடுக்க முடியுமா என்பதும் இதில் சேர்த்தி.

பெரிதாக்கினால் தாங்குமா என்பதும் முக்கியம். சொல்லச் சங்கடமான விஷயம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். பெரியவர் ஒருவர் காலமானதும் சட்டம் போட ஒரு படம் தேடுகிறோம். கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நின்றவரின் முகத்தை வெட்டிப் பெரிதாக்கி, பின்னால் நீலமடித்து, மாலை போட்டு வைத்த படங்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. நம் வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவருக்கும், அவர் நன்றாக இருக்கும்போதே, 12க்கு 18 அங்குலம் தாங்குகிற ஒரு நல்ல படம் இருக்க வேண்டும். அதற்குச் சுமார் 2400க்கு 3600 பிக்சலும் கண்ணில் சரியான ஃபோகஸும் போதும்.

கடைசியாக, முப்பது வருடம் கழித்து அந்தப் படம் கைக்குக் கிடைக்குமா. செலவைத் தனியாகப் பிரிக்கவில்லை. அது ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒளிந்திருக்கிறது, அங்கங்கே சொல்கிறேன்.

## கையில் இருக்கும் போன்

கைக்கு எட்டுவதில் போனை எதுவும் ஜெயிக்க முடியாது. குளியலறை வாசலில் நின்று ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எடுத்துவிடலாம். தண்ணீர் தெறித்தாலும் பெரிய கவலை இல்லை. பெரியவர்களும் போனைப் பார்த்து விறைத்துக்கொள்வதில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டே பேசுவார்கள். "போட்டோ புடிச்சா ஆயுசு குறையும்" என்று ஒதுங்கும் பாட்டிகூடப் பேரன் போனை நீட்டினால் ஒன்றும் சொல்வதில்லை. டைமர் வைத்து ஜன்னல் திட்டில் சாய்த்தால் எடுப்பவரும் உள்ளே வரலாம். யார் கையில் கொடுத்தாலும் எடுத்துவிடுவார்கள்.

தடுமாறுவது வெளிச்சத்தில்தான். போன் இரவில் படம் எடுக்கும்போது பல ஃபிரேம்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. உட்கார்ந்திருக்கும் தாத்தா தெளிவாக விழுவார், அவர் மடியில் துள்ளும் குழந்தையின் கை மட்டும் கரைந்துபோகும். 2எக்ஸ், 3எக்ஸ் தொட்டாலும் வெளிச்சம் குறைவான அறையில் பல போன்கள் தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸைப் பயன்படுத்துவதில்லை. மெயின் கேமராப் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன.

குரூப் படத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகிவிடுவார்கள், 0.5எக்ஸ் போட்டால் இன்னும் மோசம். பாட்டியை நடுவில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு, நாலடி பின்னால் போய் எடுத்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

என்னை உண்மையிலேயே வருத்தப்படவைப்பது பியூட்டி மோட். எழுபது வருடம் வெயிலில் நின்று உழைத்த முகத்தின் சுருக்கத்தை ஒரு நொடியில் வழித்துவிடுகிறது, கருத்த நிறத்தை வெளிறடிக்கிறது. பிறகு பேத்தி பார்க்கப்போவது தன் பாட்டியின் முகத்தை அல்ல. செட்டிங்கில் போய் அதை முழுக்க அணைத்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்று சேமிப்பு இடம். கூகுள் போட்டோஸ் கணக்கில்லாமல் இலவசமாக இடம் தந்தது 2021 ஜூன் 1 முதல் நின்றுவிட்டது. இப்போது 15 ஜிபி, அதிலும் மெயிலுக்குப் பங்கு போகும். இன்னொன்று வாட்ஸ்அப். குடும்பக் குரூப்பில் சாதாரணமாகப் போடும் படம் நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும், எடுத்த தேதி முதலான உள்விவரங்களும் போய்விடும். அந்த அளவை நல்ல தரத்தில் பிரிண்ட் போட்டால் ஐந்து அங்குலத்தைத் தாண்டாது. சித்தப்பா எடுத்த அருமையான படம் குரூப்பில் வந்தது மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது என்றால், மூலப்படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி இன்றே வாங்கி வையுங்கள். அவர் போன் மாற்றிவிட்டால் கிடைக்காது.

## பழைய டிஎஸ்எல்ஆரும் ஒரு பிரைம் லென்ஸும்

படம் எடுக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் அப்பா அம்மாக்களுக்கு நான் கை காட்டுவது இதைத்தான்: உள்ளே கண்ணாடியும் கழற்றி மாட்டும் லென்ஸும் உள்ள டிஎஸ்எல்ஆர் கேமரா, ஜூம் இல்லாத ஒரு பிரைம் லென்ஸ். 2020க்குப் பிறகு கேனானோ நிக்கானோ புதிய டிஎஸ்எல்ஆர் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) எதுவும் வெளியிடவில்லை. எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் நல்ல பாடிகள் செகண்ட் ஹேண்டில் மலிந்துவிட்டன. கேனான் 200டி, நிக்கான் டி5600 மாதிரியானவை, நிலைமையைப் பொறுத்து 25,000 முதல் 35,000 ரூபாய்க்குள், கூடவே வரும் கிட் லென்ஸோடு கிடைக்கின்றன. படம் பதியும் சில்லான சென்சார் அவற்றில் போன் சென்சாரைவிடப் பல மடங்கு பெரியது. முகத்தின் தோலும் கண்ணின் ஈரமும் வழிக்கப்படாமல் அப்படியே விழும்.

எந்த லென்ஸ் என்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். "50 எம்எம் வாங்குங்க, பின்னாடி பிளர் ஆகும்" என்று எல்லோரும் சொல்வார்கள். நம் வீட்டு அறைகளுக்கு அது ஒத்துவராது. எம்எம் எண் குறைந்தால் படத்தில் அதிக அகலம் அடங்கும், எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றால் படத்தின் அகலத்தில் அடங்குவது இவ்வளவுதான்:

| எதில் எடுக்கிறோம் | அடங்கும் அகலம் | யார் அடங்குவார்கள் |
|---|---|---|
| போன் மெயின் கேமரா | சுமார் 4 மீட்டர் | வீட்டில் எல்லோரும் |
| கேனானில் 24 எம்எம் எஃப்/2.8 | சுமார் 2.8 மீட்டர் | சோபாவில் ஐந்து பேர் |
| நிக்கானில் 35 எம்எம் எஃப்/1.8 | சுமார் 2 மீட்டர் | நெருங்கி உட்கார்ந்தால் நாலு பேர் |
| கேனானில் 50 எம்எம் எஃப்/1.8 | சுமார் 1.3 மீட்டர் | பாட்டியும் பேத்தியும் |

50 எம்எம் கெட்ட லென்ஸ் இல்லை. தாத்தாவை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தனியாக எடுக்க அதைவிட மலிவாக நல்லது கிடைக்காது. ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் நிக்கானில் 35, கேனானில் 24 என்பது என் கணிப்பு. கேனானின் 24 அரை உள்ளங்கை அளவுதான், 125 கிராம். வெளிச்சம் வாங்குவதில் நிக்கானின் 35 அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் முந்தும்.

பின்னணி மங்கலுக்கு ஆசைப்பட்டு எஃப்/1.8இலேயே வைத்திருப்பதும் தலைமுறைப் படங்களுக்கு ஆகாது. 50 எம்எம்மில் இரண்டு மீட்டர் தள்ளி எஃப்/1.8இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 11 சென்டிமீட்டர்தான். பாட்டி குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்திருந்தால் குழந்தையின் முகத்துக்கும் பாட்டியின் முகத்துக்கும் நடுவில் அதைவிட அதிக இடைவெளி இருக்கும், இரண்டில் ஒன்று மங்கிவிடும். எஃப்/4க்குப் போனால் ஆழம் 24 சென்டிமீட்டர் ஆகும், இரண்டு முகமும் பிழைக்கும்.

டியூப் லைட் அறையில் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு) 3200, எஃப்/2.8, ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/100 நொடி என்பது நல்ல தொடக்கம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை கூடிக் குறையும். 1/100ஐவிட வேகமாகப் போனால் ஒரு படம் பச்சையாகவும் அடுத்தது மங்கலாகவும் வரக்கூடும். ஓடும் குழந்தைக்கு 1/500 வேண்டும், அது ராத்திரி அறைக்குள் நடக்காது. ஓட்டத்தைக் காலையில் வாசல் வெளிச்சத்தில் எடுங்கள், உட்கார்ந்து கதை கேட்பதை ராத்திரி எடுங்கள். வெள்ளையடித்த கான்கிரீட் கூரை என்றால் தனியாக மாட்டும் ஃபிளாஷை மேலே திருப்பி அடிக்கலாம், அழகாகப் பரவும். ஓட்டு வீட்டில் அந்த வெளிச்சம் திரும்பி வராது.

இன்னொரு பெரிய லாபம், பழைய படங்களைப் பிரதி எடுப்பது. பீரோவுக்குள் இருக்கும் தாத்தாவின் கருப்பு வெள்ளைப் படத்தை ஜன்னலோரம் தட்டையாக வைத்து, கேமராவை நேர் மேலே பிடித்து எடுத்தால் ஸ்கேனர் தேவைப்படாது. எடுக்கும்போது பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பது யார், எந்த ஊர், யார் கல்யாணம் என்று அவர் சொல்வதை போனில் பதிவு செய்துகொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு இதில்தான் அதிகம். முதலாவது பூஞ்சை. சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் பையிலேயே கிடக்கும் லென்ஸில் சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிடும். வாங்கும்போது லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் வேண்டும். ஈரம் 40லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இரண்டாவது ஷட்டர். இந்த வகைப் பாடிகளைப் பொதுவாக ஒரு லட்சம் கிளிக் என்ற கணக்கில்தான் செய்கிறார்கள், எத்தனை ஓடியிருக்கிறது என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். மூன்றாவது, நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எம்எம் எஃப்/1.8டி வாங்கினால் ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டும்.

அத்தை கையில் கொடுத்தால்? அவர் வியூஃபைண்டரில் கண் வைக்கமாட்டார், திரையைத்தான் பார்ப்பார். 200டி திரையிலும் சட்டென்று ஃபோகஸ் பிடிக்கும். டி5600 அந்த முறையில் தேடிக்கொண்டே இருக்கும், குழந்தை அதற்குள் எழுந்து போய்விடும். கேமரா பல கைகள் மாறும் வீடு என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே கேனான் பக்கம் சாய்வேன்.

## புது மிரர்லெஸ்

கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடரும் ஃபோகஸ்தான் இதன் பெருமை. ஓடும் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. கேனான் ஆர்50 பேட்டரியோடு சேர்த்து 375 கிராம்தான், அதற்கு 120 கிராமில் 28 எம்எம் லென்ஸும் இருக்கிறது. சத்தமில்லாத ஷட்டர் இருப்பதால் தூங்கும் குழந்தையையும் பூஜையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரையும் தொந்தரவு செய்யாமல் எடுக்கலாம். ஆனால் டியூப் லைட்டிலும் மலிவான எல்இடியிலும் அந்தச் சத்தமில்லா முறையில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழலாம் என்பதைக் கடையில் சொல்வதில்லை.

பாடிக்கும் கிட் லென்ஸுக்கும் பட்ஜெட் தீர்ந்துவிடுவதுதான் பலருக்கு நேர்வது. கிட் ஜூமின் எஃப்/4.5, எஃப்/6.3 அறைக்குள் தாங்காது. நல்ல பிரைம் லென்ஸுக்கு மறுபடி 15,000, 25,000 எடுத்து வைக்க வேண்டும். அதற்கு வழி இல்லையென்றால் பழைய டிஎஸ்எல்ஆரும் பிரைமும் சேர்ந்து தருவது இதைவிட நல்ல படம். பேட்டரியும் சீக்கிரம் தீரும். டி5600 ஒரு சார்ஜில் 970 படம் என்று கணக்குச் சொல்கிறார்கள், இந்த விலை மிரர்லெஸ்களில் முந்நூறு, நானூறுதான். குலதெய்வம் கோயிலுக்குப் போகும் நாளில் இரண்டாவது பேட்டரி கட்டாயம்.

## ஃபிலிம்

தாத்தாவின் யாஷிகா, அப்பாவின் எஸ்எல்ஆர் மாதிரிப் பழைய ஃபிலிம் கேமரா பீரோவில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை வரும். ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் தயாரித்துவந்தது. அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் புழங்கிய கருப்பு வெள்ளைப் படங்கள் இன்றைக்கும் பல வீடுகளில் நன்றாகவே இருக்கின்றன. அதே வீட்டில் 1980களில் எடுத்த கலர் படங்கள் சிவந்துபோயிருக்கும். கருப்பு வெள்ளையில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி, கலரில் சாயம். சாயம் வெளுக்கும்.

ஆகவே எடுத்தால் கருப்பு வெள்ளையில் எடுங்கள், கழுவிய நெகட்டிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 36 படம் கொண்ட ஒரு ரோல் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். கழுவி ஸ்கேன் செய்வதையும் சேர்த்தால் ஒரு கிளிக்குக்கு நாற்பது, ஐம்பது ரூபாய் ஆகிவிடும். கழுவும் லேப் பெரும்பாலும் உங்கள் ஊரில் இருக்காது, கூரியரில் அனுப்ப வேண்டும். வருடத்துக்கு ஒரு ரோல், பொங்கலன்று, வீட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கிளிக் என்று வைத்துக்கொண்டால் அருமையான வழக்கம். இதை மட்டும் நம்பிக் குழந்தை வளர்வதை எடுக்க முடியாது.

## ஸ்டுடியோவோ போட்டோகிராபரோ

கேமரா வைத்திருப்பவர்கள் இதை மட்டமாக நினைக்கிறார்கள், நினைக்கக் கூடாது. காதுகுத்தில் தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும்போது அப்பா கேமராவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், அழும் குழந்தை தேடுவது யாரை? அறுபதாம் கல்யாணத்தில், எண்பதாம் கல்யாணத்தில் பிள்ளைகள் மனையைச் சுற்றி நிற்க வேண்டும். அந்த நாட்களில் எடுக்கும் வேலையைக் காசு கொடுத்து இன்னொருவரிடம் விட்டுவிடுவதுதான் சரி. மூன்று தலைமுறையும் முழுசாக ஒரே படத்தில் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

பெரியவர்களுக்கும் ஸ்டுடியோ என்றால் ஒரு மரியாதை உண்டு. தலை வாரி, பட்டுப்புடவை கட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போவார்கள். அவர்கள் எப்படித் தெரிய விரும்புகிறார்களோ அப்படித் தெரியும் படம் அது. வீட்டில் நாம் எடுப்பது நாம் அவர்களைப் பார்க்கும் விதம். இரண்டும் வேண்டும்.

பேசிக்கொள்ள வேண்டியவை: முழு அளவு ஃபைல்கள் எல்லாம் பென் டிரைவில் கிடைக்குமா, ஆல்பத்தில் எத்தனை பக்கம், கூடுதல் பக்கத்துக்கு எவ்வளவு. முக்கியமாக, "தோலை வழிக்காதீங்க, நிறத்தை ஏத்தாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் செய்துவிடுவார்கள், பலரும் கேட்பது அதைத்தான். படுத்திருக்கும் பெரியவர் இருந்தால் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், பெரும்பாலானவர்கள் வருவார்கள்.

## எதில் எடுத்தாலும் பிரிண்டுக்குக் காசு ஒதுக்குங்கள்

பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கையாவது பிரிண்டுக்கு வைத்துவிட்டு மீதியில் கேமரா பாருங்கள். வருடத்துக்கு ஐம்பது படம் தேர்ந்தெடுத்து 4க்கு 6 அளவில் லேபில் போட்டால் ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. பசைத்தாள் ஒட்டி வரும் ஆல்பம் வேண்டாம், பசை மஞ்சளடித்துப் படத்தையும் பிடித்துக்கொள்ளும். படத்தைச் செருகும் வகை போதும். லேமினேஷனும் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. பின்பக்கம் பால்பாயிண்டால் அழுத்தி எழுதினால் முகத்தில் தடம் விழும். பிக்மெண்ட் மை பேனாவால் பெயர், ஊர், வருடம் எழுதிக் காயவைத்துச் செருகுங்கள். "அத்தை" என்று மட்டும் எழுதாதீர்கள், உங்கள் பேரனுக்கு அது யாரென்று தெரியாது.

## யாருக்கு எது

குழந்தைக்கு ஒரு வயதுக்குள், தூக்கமே இல்லாத வீடு என்றால் போன் போதும். கேமராவுக்கு வைத்த பணத்தில் நல்ல மெமரியுள்ள போனும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் வாங்குங்கள்.

எடுப்பதே சந்தோஷம், வாரத்தில் ஒரு மணி நேரமாவது கற்றுக்கொள்ள முடியும் என்றால் பழைய டிஎஸ்எல்ஆரும் 24 அல்லது 35 லென்ஸும். குழந்தை ஓடத் தொடங்கிவிட்டது, 80,000 வரை போகலாம், பிரைம் லென்ஸும் அதற்குள் அடங்கும் என்றால் மிரர்லெஸ்.

வெளிநாட்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு வாரம் ஊருக்கு வருபவர்களுக்கு என் யோசனை வேறு. வந்த முதல் வாரத்திலேயே உள்ளூர் போட்டோகிராபரை அரை நாள் வீட்டுக்கு அழைத்து எல்லோரும் சேர்ந்த படத்தை முடித்துவிடுங்கள். மீதி நாட்களுக்கு போன் போதும். புதுக் கேமராவின் மெனுவைத் தட்டிக்கொண்டிருக்க அந்த இரண்டு வாரத்தில் நேரம் இல்லை.

வீட்டில் பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்றால் எதையும் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். போன் லென்ஸைத் துணியால் துடைத்து, பியூட்டி மோடை அணைத்து, காலை எட்டு மணிக்கு வாசல் பக்கமாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவரைப் பேசவிட்டு, நாலடி தள்ளி நின்று எடுங்கள். பேத்தியை அவர் மடியில் வைத்து இன்னொன்று எடுங்கள். பிறகு போனை யாரிடமாவது கொடுத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் போய் உட்காருங்கள்.